நரிக்குச் சிவப்பு விளக்கு: எட்டு மாதம் வைத்துப் பார்த்தாச்சு

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டரை. அதிலும் அந்த அரை மார்க் நரியை விரட்டியதற்குப் போட்டது கிடையாது, வேறு ஒரு காரியத்துக்கு, அது கடைசியில் வரும்.

பொருள் இதுதான். உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, தலையில் சின்னதாக ஒரு சோலார் தகடு, முன்பக்கம் இரண்டு சிவப்பு எல்.இ.டி. இருட்டினால் தானாக மினுங்கும், விடிந்தால் தானாக அணையும். நாலு பெட்டி சேர்ந்து ஒரு செட், ஆன்லைனில் 1,649 ரூபாய். தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ பெரிய மிருகம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி தெரியும், அதைப் பார்த்து இரவில் வருகிற மிருகம் பயந்து ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அட்டைப்பெட்டியில் நரி படமே இல்லை. நாய்க்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு மிருகத்தைப் போட்டு கீழே கயோட்டி என்று எழுதியிருந்தது, பக்கத்தில் ராக்கூன், ஸ்கங்க் என்று நம்ம பக்கத்தில் எவரும் கண்ணால் பார்த்திராத ஜீவன்கள். அமெரிக்காவுக்குச் செய்த சரக்கு சுற்றி வளைத்து திருநெல்வேலிப் பக்கத்து ரெட்டியார்பட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்போதே ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

எங்கள் வீடு ரெட்டியார்பட்டி மலையைத் தாண்டி, நாலுவழிச்சாலையில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பிளாட் போட்டு பத்து வருடம் ஆகியும் நாற்பது மனைக்கு ஏழு வீடுதான் வந்திருக்கிறது, மீதி எல்லாம் உடங்காடு, வெறும் முள்ளுக்காடு. மேற்கே ஒரு ஓடை, மழை பெய்தால் மட்டும் தண்ணீர். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஓடைப்பக்கம் ஒரு நரி ஊளையை எடுத்துக்கொடுக்கும், அப்புறம் நாலைந்து சேர்ந்து பிடித்துக்கொள்ளும், அதைக் கேட்டு தெருநாய்கள் ஆரம்பிக்கும், ஐந்து நிமிடம் கச்சேரிதான். டவுனுக்குள் இருந்து வருகிற சொந்தக்காரர்கள் பயந்துபோவார்கள். எங்களுக்கு அது ஏழு மணி அடித்த மாதிரி. அது ஒன்றையொன்று எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொள்வதும், இது எங்கள் இடம் என்று அடுத்த கூட்டத்துக்குச் சொல்வதும்தான், நம்மைப் பற்றிய பேச்சு அதில் எதுவும் கிடையாது.

போன ஆவணியில் ஒரே வாரத்தில் மூன்று கோழி போய்விட்டது. அம்மா வளர்க்கிற நாட்டுக்கோழி, மொத்தமே பதினான்கு. அதில் ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்த கறுப்புப் பெட்டை. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எய்யா, நரிதாம்ல கொண்டுபோயிட்டு, அந்தச் சத்தம் கேக்கும்போதே நெனச்சேன்" என்றாள். எனக்கும் சந்தேகமே வரவில்லை. ஊளை கேட்கிறது, கோழி காணவில்லை, இதுக்கு மேல் என்ன சாட்சி வேண்டும். அன்று ராத்திரியே செல்போனில் தேடி, நாலரை நட்சத்திரம் போட்டிருந்த இந்த விளக்கை வாங்கிவிட்டேன்.

மாட்டுவது சுலபம், அதற்கு முழு மார்க் கொடுக்கலாம். பின்னால் ஒரு ஓட்டை, ஆணியிலோ திருகாணியிலோ தொங்கவிட்டால் போதும். நரியின் கண் உயரத்துக்கு, அதாவது தரையில் இருந்து ஒன்றேகால், ஒன்றரை அடிக்கு வைக்க வேண்டும், இதை விளக்கத்தாளில் ரொம்பப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் முதலில் ஆள் உயரத்தில் மாட்டி, இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் பயமுறுத்தினேன். கோழிக்கூட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஒவ்வொன்று. முதல் நாள் ராத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், நாலு திசையிலும் சிவப்பாக மினுங்க, கோழிக்கூடு ஏதோ ஏரோடிரோம் மாதிரி இருந்தது.

பத்தொன்பது நாள் ஒரு கோழிகூடப் போகவில்லை. நான் வேறு ஐந்து நட்சத்திரம் போட்டு, சூப்பர் என்று எழுதியும்விட்டேன். ஆன்லைனில் பாதி மதிப்புரை இப்படித்தான் வருகிறது என்று இப்போது தெரிகிறது, எல்லோரும் முதல் மாதத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

இருபதாவது நாள் ராத்திரி பதினொன்றரைக்குக் கோழி கெக்கரித்தது. டார்ச் அடித்தால், மேற்குப் பக்கத்து விளக்குக்கு இரண்டடி தள்ளி ஒரு நரி உட்கார்ந்திருக்கிறது. நிற்கவில்லை, பதுங்கவில்லை, பின்னங்காலை மடித்து உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு வெளிச்சம் அதன் முகத்தில் பட்டுப் பட்டு மறைகிறது. என்னைப் பார்த்தது, விளக்கைப் பார்த்தது, இரண்டில் எது பெரிய தொந்தரவு என்று யோசித்த மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து ஓடைப்பக்கம் நடந்தது. ஓடக்கூட இல்லை. 1,649 ரூபாய்க்கு நான் அதற்குத் தெருவிளக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்று அப்புறம் தேடிப் படித்ததில் தெரிந்தது. புதுசாக ஒன்று வந்தால் மிருகம் கொஞ்ச நாள் ஒதுங்கும், அதனால் தனக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று தெரிந்தால் பழகிக்கொள்ளும், விளக்கு, பொம்மை, ரேடியோ எதுவானாலும் இதே கதைதான். சிலி நாட்டு மலைப்பகுதியில் அல்பக்கா, லாமா வளர்க்கிறவர்களிடம் மினுங்கும் விளக்கை வைத்துச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்திருக்கிறது. பூமாவிடம் விளக்கு வேலை செய்திருக்கிறது, அந்த ஊர் நரியிடம் பலிக்கவில்லை. பூனைச் சாதி ஏமாந்தது, நரி ஏமாறவில்லை. நம்ம ஆச்சிமார் கதைகளில் ஆயிரம் வருடமாகச் சொல்லிவருவதுதான்.

என் தங்கை சிகாகோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். வீடியோ காலில் அந்த அட்டைப்பெட்டியைக் காட்டினேன். "அண்ணே, இந்தப் படத்துல இருக்கறது எங்க தெருவுலயே இருக்கு, காலையில வாக்கிங் போகும்போது எதிர்ல வரும்" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அதுவரை கயோட்டி என்றால் பாலைவனத்தில் திரிகிற ஒன்று என்றுதான் நினைப்பு. சிகாகோ இருக்கிற குக் கவுண்டியில் 2000-ம் ஆண்டில் இருந்து கயோட்டிக்குக் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி ஆராய்ச்சி நடக்கிறதாம். நகரத்துக்குள் இருக்கிற கயோட்டி பகல் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு ராத்திரி ஆளாக மாறிவிடுகிறது, பெரும்பாலானவை மனிதர்கள் கண்ணில் படாமலே காலத்தை ஓட்டிவிடுகின்றன, எலி, முயல், பழம் என்று தின்று கழிக்கின்றன என்று அதில் தெரியவந்திருக்கிறது. 2007 ஏப்ரலில் ஒன்று நடு நகரத்தில் ஒரு சாண்ட்விச் கடைக்குள் நுழைந்து, குளிர்பான பாட்டில் அடுக்கிவைத்திருந்த பெட்டிக்குள் ஏறி ஜில்லென்று படுத்துக்கொண்டதாம். யாரையும் கடிக்கவில்லை, பிடித்துக்கொண்டுபோய் வெளியே விட்டிருக்கிறார்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு எனக்கே அப்படித் தோன்றுவது உண்டு.

கயோட்டியும் நம்ம நரியும் (இங்கிலீஷில் ஜாக்கல் என்கிறார்களே, அது) ஒரே பேரினம்தான், பங்காளி முறை. நம்ம நரி எட்டில் இருந்து பதினோரு கிலோ வரை இருக்கும், கயோட்டி அதைவிடக் கொஞ்சம் கனம். சாப்பாட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான், எலி, முயல், செத்தது, விழுந்த பழம், குப்பை, கிடைத்தால் கோழி. அதனால் தங்கை சொன்ன முறைகள் இங்கேயும் பொருந்தும் என்று தோன்றியது. அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு துண்டுச்சீட்டு கொடுத்துச் சொல்வதாம். எதிரில் வந்தால் முதுகைக் காட்டி ஓடாதே, நின்று, கையை மேலே தூக்கி, ஆளைப் பெரிசாகக் காட்டு, சத்தம் போடு, அது கண்ணைவிட்டு மறையும் வரைக்கும் நிறுத்தாதே. ஒரு தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கு. சின்னக் குழந்தையோ சின்ன நாயோ கூட இருந்தால் தூக்கிக்கொள். குட்டி போட்டிருக்கிற பொந்துப் பக்கம் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதே, சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போய்விடு, தப்பிக்க வழி இல்லாமல் மூலையில் சிக்கியதையும் சீண்டாதே. எல்லாவற்றுக்கும் மேலே, சோறு போடாதே, நீயாகப் போட்டாலும் சரி, தெரியாமல் குப்பையில் போட்டாலும் சரி.

டப்பா யோசனை எனக்குப் பிடித்தது. பழைய ஹார்லிக்ஸ் தகர டப்பாவில் இருபது கூழாங்கல், செலவு பூஜ்யம். அடுத்த தடவை நரி வந்தபோது அம்மாவே எழுந்துபோய் குலுக்கினாள், ஓடையைத் தாண்டும் வரைக்கும் விடவில்லை, அது திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓடியது, ஆமாம், இந்தத் தடவை ஓடியது. விளக்கு வெறுமனே மினுங்குகிறது, டப்பாவுக்குப் பின்னால் அறுபத்தெட்டு வயது அம்மா இருக்கிறாள், வித்தியாசம் அதற்குத் தெரிகிறது.

சரி, விளக்குக்கு வருகிறேன். ஐப்பசி பிறந்ததும் அதன் சாயம் வெளுத்தது. வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வானம் மூடியிருந்தால் சார்ஜ் ஏறாது, ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் மங்கிப்போய், பதினொன்றுக்குச் செத்துவிடும். நரி வருகிற நேரம் அதுக்கு மேல்தான். மழை தாங்கும் என்று எழுதியிருந்தது, ஆனால் ஒரு பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி கண்ணாடிக்குள்ளே வியர்த்துவிட்டது. ஒன்றரை வருட வாரண்டி. கொடுத்திருந்த எண்ணுக்கு நாலு தடவை அடித்தேன், பாட்டு மட்டும் கேட்கும். மின்னஞ்சல் போட்டேன், படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், பெட்டி நம்பர் கேட்டார்கள், அனுப்பினேன், அதற்கப்புறம் பேச்சுமூச்சு இல்லை. கடைசியில் நானே திருகாணியைக் கழற்றினேன். உள்ளே சாதாரண பென்சில் சைஸ் ரீசார்ஜ் பேட்டரிதான் ஒன்று இருக்கிறது, துருவேறிக் கிடந்தது. ஜங்ஷனில் எலக்ட்ரிக்கல் கடையில் அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டு, விளிம்பில் சிலிக்கான் பசை தடவினேன், இன்று வரைக்கும் எரிகிறது. ஆக வாங்கியவர்கள் தூக்கிப் போட வேண்டாம், பேட்டரி மாற்றலாம். இதை விளக்கத்தாளில் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்தா போயிருப்பார்கள்?

கார்த்திகையில் எங்கள் தெற்குப் பக்கத்து வயலில் செம்மறிக் கிடை போட்டிருந்தார்கள். கிடைக்காரப் பெரியவர் தண்ணீர் வாங்க வீட்டுக்கு வருவார். விளக்கைக் காட்டி, அண்ணாச்சி, உங்க கிடைக்கு நரி வராதா என்று கேட்டேன். சிரித்தார். "வரும் தம்பி, வராம என்ன. நாய் ரெண்டு கெடக்கு, நாங்க ஆளுக்கொரு மூலையில படுப்போம், குட்டிய கூட்டுக்குள்ள அடைச்சிருவோம். இன்னைக்கு இந்த வயலு, நாளைக்கு அடுத்த வயலு, கெடய மாத்திக்கிட்டே இருக்கோமா, அதுக்குக் கணக்குப் பிடிபடாது. நீங்க லைட்ட ஆணி அடிச்சில்ல வச்சிருக்கீய."

எனக்கு நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது. கிடையை மாற்றுவது வயலுக்கு உரம் ஏறத்தான், ஆனால் அதிலேயே நரிக்கும் ஒரு வைத்தியம் இருந்திருக்கிறது. அன்றில் இருந்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை விளக்கை இடம் மாற்றினேன், ஒரு நாள் முருங்கை மரத்தில், ஒரு நாள் துணி துவைக்கிற கல்லில், ஒரு நாள் நாலையும் ஒரே பக்கம். பலன் தெரிந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். மார்கழி முழுக்க நரி கூட்டுப்பக்கம் வந்த தடம் இரண்டே நாள்தான். ஆனால் மார்கழிக் குளிரில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை எவன் போய் மாற்றுவது? பொங்கலுக்கு அப்புறம் நானும் விட்டுவிட்டேன். வாங்குகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், இது மாட்டிவிட்டு மறந்துவிடுகிற பொருள் கிடையாது.

தடம் என்று சொன்னேனே, அது பெரியவர் சொல்லிக்கொடுத்த இன்னொரு வேலை. கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த செம்மண்ணைப் பரப்பி, சாயங்காலம் விளக்குமாற்றால் இழுத்து மட்டமாக்கிவிட்டால், யார் வந்தார்கள் என்று காலையில் எழுதிவைத்திருக்கும். நரியின் தடம் நாய்த் தடத்தைவிடக் குறுகலாக, நீளவாக்கில் இருக்கும். உற்றுப்பார்த்தால் நடுவில் உள்ள இரண்டு விரல் மெத்தையும் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நாய்க்கு நாலும் தனித்தனி. இதைக் கண்டுபிடித்துப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது, அப்புறம் தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே அங்கே குத்தவைத்துப் பார்ப்பது பேப்பர் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

இங்கேதான் கதை மாறியது. தை கடைசியில் ஒரு விடியற்காலை மூன்று கோழி செத்துக் கிடந்தது. கொண்டுபோகவில்லை, தின்னவில்லை, கடித்துக் குதறிப் போட்டிருக்கிறது. மண்ணில் தடம் அகலம், விரல்கள் தனித்தனி. நாய். தெருமுக்கில் படுத்துக்கிடக்கிற, பகலில் நான் பிஸ்கட் போடுகிற அதே இரண்டு நாய். நரி வந்தால் பெரும்பாலும் கிடைத்த ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடும், குட்டிக்குக் கொண்டுபோக வேண்டும், நின்று விளையாட அதற்கு நேரம் இல்லை. சாப்பிட்ட நாய்தான் விளையாட்டுக்குக் கடிக்கும். பெரியவர் இதைச் சொன்னபோது, ஆவணியில் போன அந்த மூன்றில் ஒன்றின் இறகு கூட்டு வாசலிலேயே குவிந்து கிடந்தது ஞாபகம் வந்தது. அதை நான் நரிக் கணக்கில் எழுதிவிட்டேன். இன்னொரு நாள் கீரித் தடம். முட்டை குறைவதற்கு அந்த ஆள்தான் காரணம். ஆக நரிக்கென்று வாங்கிய விளக்கு நாயையும் கீரியையும் என்ன செய்யும்? நாய்க்கு மனிதர் வீட்டு விளக்கு எல்லாம் பிறந்ததில் இருந்து பழக்கம்.

அப்படியானால் நரி எதற்குத்தான் தினமும் இந்தப் பக்கம் வருகிறது என்று ஓடையில் இறங்கிப் பார்த்தோம், நானும் பக்கத்து வீட்டு அண்ணனும். பாலத்துக்கு அடியில் சாக்குச் சாக்காகக் கோழிக்கழிவு. தலை, குடல், இறகு, நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஏதோ ஒரு பிராய்லர் கடையில் இருந்து ராத்திரி பைக்கில் வந்து தட்டிவிட்டுப் போகிறார்கள். ஊரே சேர்ந்து நரிக்கு விருந்து வைத்துவிட்டு, கையோடு வந்து பந்தியில் உட்கார்ந்த நரியைப் பார்த்து விளக்கு மாட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டு ராத்திரி விழித்திருந்து ஆளைப் பிடித்தோம், சண்டை எல்லாம் போடவில்லை, தம்பி, இங்கே சின்னப்பிள்ளைகள் இருக்கிற தெரு என்று சொன்னோம், பஞ்சாயத்தில் எழுதியும் கொடுத்தோம். முழுசாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் எங்கள் பாலத்துக்கு அடியில் இப்போது இல்லை. நாய்க்கு வாசலில் சோறு வைப்பதையும் நிறுத்தினோம், அதாவது வைத்துவிட்டு, தின்றதும் தட்டை எடுத்துவிடுகிறோம். மாசி கடைசிக்கெல்லாம் நரித்தடம் வாரத்துக்கு ஒன்று, அதுவும் கூட்டுக்கு வராமல் ஓரமாகக் கடந்து போன தடம். ஊளை மட்டும் அதே ஏழு மணிக்கு. அது போகவில்லை, எங்கள் பக்கம் அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

கோழிக்குக் கடைசியில் எது காவல் என்றால், மாசியில் கட்டிய கூடு. முன்பு இருந்தது அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழி வலை. அது கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு, வெளியே இருந்து ஒரு நாய் பல்லால் பிடித்து இழுத்தால் நூல் மாதிரி பிரியும். இப்போது எட்டுக்கு ஆறடி, இரும்புச் சட்டம், ஒரு அங்குலக் கண் வெல்டு மெஷ், குஞ்சுப் பக்கம் மட்டும் அரை அங்குலம். அடியில் ஒன்றரை அடி மெஷ்ஷை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்திருக்கிறது, தோண்டுகிற மிருகம் சுவர் ஓரத்தில்தான் தோண்ட ஆரம்பிக்கும், கம்பி தட்டுப்பட்டதும் விட்டுவிடும். வெல்டிங் பட்டறை அண்ணாச்சி, "இது என்ன சார், கோழிக்கா, கைதிக்கா" என்று கேட்டார். கதவுக்குக் கொண்டி மட்டும் போதாது என்று நாதாங்கியில் ஒரு கம்பியையும் செருகச் சொன்னேன். மொத்தம் 7,400 ரூபாய். விளக்கைப்போல நாலரை மடங்கு, ஆனால் அதற்கப்புறம் ஒரு கோழி போகவில்லை, விளக்கு எரிந்த நாளும் சரி, எரியாத நாளும் சரி. கையில் காசு இல்லை என்றால் சாயங்காலம் ஆறு மணிக்குள் கோழியை அடைத்து, பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு ஆட்டுரலையோ கனமான கல்லையோ வைத்துவிடுங்கள். நம்ம ஆச்சி காலத்து முறை, வாரண்டிக்கு எவருக்கும் போன் அடிக்க வேண்டாம்.

இதை எழுதும்போதே சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும், எங்கள் தெருவிலேயே சொன்னார்கள். ஒருவர் விஷம் வைக்கலாம் என்றார், ஒருவர் கறிக்குள் வெடி வைக்கலாம் என்றார், இன்னொருவர் வேலிக் கம்பிக்கு நேராகக் கரண்ட் கொடுத்துவிடு என்றார். நரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உள்ள விலங்கு, கொன்றால் வழக்கு, ஜெயில். சட்டம் கிடக்கட்டும், நேராகக் கரண்ட் கொடுத்த கம்பியில் முதலில் விழுவது யார்? ராத்திரி மோட்டார் போடப் போகிறவனும், பந்து பொறுக்கப் போகிற பிள்ளையும்தான். கடையில் விற்கிற சோலார் வேலி விட்டுவிட்டுத் தட்டுகிற கரண்ட், அது வேறு, ஆனால் எங்கள் சில கோழிக்கு அது யானைக்குச் செய்கிற செலவு. ஒருத்தர் வந்து, நரி மாட்டினால் கொம்பு மட்டும் எனக்கு என்று முன்பதிவே செய்துவிட்டுப் போனார். நரிக்குக் கொம்பு கிடையாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச.

விவசாயம் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கம் இன்னொன்று சொல்கிறார்கள், நரி குறைந்த இடத்தில்தான் மயில் பெருத்துவிட்டது, மயில் முட்டையை நரிதான் பார்த்துக்கொள்ளும் என்று. எவ்வளவு தூரம் அது மட்டும் காரணமோ, ஆனால் மயில் உளுந்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் நரியைத் திட்டுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். எலியையும் அதுதான் பிடிக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பகலில் தள்ளாடிக்கொண்டு வருகிற, எச்சில் வடிகிற, ஆளைக் கண்டும் விலகாத நரியோ நாயோ எதுவானாலும் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நிற்காதீர்கள், பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்தாலோ பிராண்டினாலோ உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது, நேரே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு, எங்களுக்கு ஹைகிரவுண்டு, போக வேண்டும். காட்டு விலங்கு கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஊசியை முதல் நாளோடு நிறுத்திவிடாமல் சொன்ன தேதிக்கெல்லாம் போக வேண்டும். நம்ம நாட்டில் வெறிநோய் பெரும்பாலும் நாய்க்கடியில்தான் வருகிறது, ஆகவே பயத்தையும் அந்த அளவில் பங்கு வைத்துக்கொள்ளலாம்.

கிடைக்காரர் போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார், "நரி எடம் போனா என்ன, வலம் போனா என்னம்மா, மேல விழுந்து பிடுங்காம போனாச் சரிதான்" என்று. அம்மா இப்போது ஊளை கேட்டால், ஏழாயிட்டா என்று கேட்டுவிட்டு எழுந்துபோய் கூட்டு நாதாங்கியைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

அப்புறம் அந்த அரை மார்க். பேட்டரி மாற்றிய பெட்டியைப் பின்வாசலில் இருந்து கக்கூசுக்குப் போகிற வழியில் மாட்டியிருக்கிறேன். ராத்திரி கரண்ட் போனாலும் அது மினுங்கும், அம்மாவுக்கு வழி தெரியும், போன மாதம் படியில் சுருண்டு கிடந்த ஒரு கட்டுவிரியனை அந்த வெளிச்சத்தில்தான் பார்த்து நின்றாள். ஒன்று முருங்கை மரத்தில் இருக்கிறது, எப்போதாவது மாற்றுவேன். மீதி இரண்டு பெட்டி அட்டையோடு பரணில் சும்மா கிடக்கிறது. ரெட்டியார்பட்டிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், காசு வேண்டாம், பேட்டரி மட்டும் நீங்கள் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.